பென்ஷன் போகும் இடத்துக்கு ஓட்டும் போகட்டும்

நவம்பரில் வங்கிக்குப் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று விரல் ரேகை வைத்து நிரூபிக்கிறோம். டிசம்பர் 17 அன்று ஓய்வூதியர் தினக் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறோம். பொன்னாடை, காபி, போண்டா, குரூப் போட்டோ. மேடையில் யாராவது ஒருவர் நகாரா வழக்கைப் பற்றிக் கட்டாயம் பேசுவார். பேசவும் வேண்டும். 1982 டிசம்பர் 17 அன்று வந்த அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் நம்மில் பலருடைய பென்ஷன் இன்னும் பழைய கணக்கிலேயே கிடந்திருக்கும். 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து அதன்பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் புதிய, தாராளமான கணக்கு என்று மத்திய அரசு ஒரு கோடு போட்டது. ஒரே வேலை பார்த்தவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரிப்பது செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். பென்ஷன் அரசு போடும் பிச்சையோ, எஜமானின் கருணையோ அல்ல. செய்த வேலைக்கான உரிமை என்றும் சொன்னார்கள்.

மேடையில் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. அந்த வழக்கில் மனுதாரர்கள் மூன்று பேர். நகாரா, பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மனுதாரர் ஆளே இல்லை. 'காமன் காஸ்' என்ற பதிவு பெற்ற சங்கம். எச்.டி. ஷோரி 1980-இல் ஆரம்பித்தது. தனியாக கோர்ட்டுக்குப் போக வசதியும் தெம்பும் இல்லாத ஆயிரக்கணக்கான கிழவர்களுக்காக ஒரு சங்கம் வந்து நின்றது, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்.

ஆனால் அந்தச் சங்கத்துக்குள் யார் இருக்கிறார்கள், யாருக்கு ஓட்டு என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பைலா படிப்பது எனக்குப் பழக்கம்; மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதைப் போல. ஆரம்பாக்கத்துக்குக் குடி வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் யாருக்காவது கவர்ன்மென்ட் காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். தமிழில் வந்தாலும் இங்கிலீஷில் வந்தாலும் சரி. தடாவிலிருந்து தெலுங்கில் வந்தால்தான் நான் இன்னொருவரைத் தேட வேண்டும். அப்படிக் கைக்கு வந்த சங்க பைலாக்கள் இதுவரை நாலைந்து. அதில் ஒன்று சென்னையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஓய்வு பெற்றோர் சங்கத்துடையது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் வேண்டாம். மற்ற சங்கங்களின் பைலாவும் ஏறக்குறைய அதன் கார்பன் காப்பிதான்.

தமிழ்நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் போதும். மாவட்டப் பதிவாளரிடம் சங்க விதிகளோடு மனு கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களுடைய பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். நிர்வாகத்தில் கோளாறு என்றால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். (பல்கலைக்கழகச் சங்கத்தில் இந்தப் 'பதிவாளர்' என்ற சொல்லால் ஒரு தொல்லை. சங்கத்தைப் பதிவு செய்தவரும் பதிவாளர், பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போடும் பல்கலைக்கழக அதிகாரியும் பதிவாளர். எனக்கு வந்த ஒரு மனு தப்பான பதிவாளருக்குப் போய்விட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.)

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் புதுச்சேரியில் அந்தப் பள்ளிக்கூடங்கள் போகவில்லை. அந்தப் பக்கத்துச் சட்டத்தையும் அதனால் கொஞ்சம் தெரியும். அங்கே சங்கத்துக்கு 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டம். இரண்டே பேர் சேர்ந்தால் சங்கம். அல்சாஸ்-மொசெல் பகுதியில் மட்டும் பழைய ஜெர்மன் வழக்கப்படி ஏழு பேர் வேண்டும், நம்மூர் மாதிரி. அவர்கள் ஜெனரல் பாடியில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் வருஷத்து நடவடிக்கை அறிக்கையை வாசிப்பார், பொருளாளர் கணக்கை வாசிப்பார். பிறகு 'கித்துஸ்' என்று தனியாக ஒரு ஓட்டு. 'உங்கள் கணக்கைப் பார்த்தோம், சரி, உங்களுக்கு இனிப் பொறுப்பில்லை' என்று உறுப்பினர்கள் பொருளாளரை விடுவிக்கிற ஓட்டு. நம் கூட்டங்களில் கணக்கை யாரோ வேகமாக வாசிப்பார், யாரோ கை தட்டுவார், 'ஏகமனதாக' என்று மினிட்ஸில் ஏறிவிடும். கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்ததை நான் பார்த்ததே இல்லை.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். அரசில் வேலை பார்த்தவனுக்குப் பென்ஷன் கருவூலத்திலிருந்து வரும். நான் சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் மாதக் கடைசியில் வந்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. பென்ஷனைப் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கே பணம் குறைந்தால் முதலில் கை வைப்பது நம்மைப் போன்ற கிழங்கட்டைகளின் மேல்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சில வருஷங்களாகப் பென்ஷன் தாமதமானதும், எழுபது வயது தாண்டியவர்கள் வெயிலில் உட்கார்ந்து போராடியதும் பேப்பரில் வந்தது. 1966-இல் ஆரம்பித்த பல்கலைக்கழகம் அது. ஆக, அரசு ஊழியர் சங்கத்தை விடப் பல்கலைக்கழக ஓய்வு பெற்றோர் சங்கத்துக்கு வேலை அதிகம். பணம் கொடுப்பவரும் பழைய முதலாளியும் ஒரே ஆள். அவரிடம் பேச ஒரு வலுவான வாய் வேண்டும்.

அந்த வாய் யாருடையது? பேராசிரியர்களும், செக்ஷன் ஆபீசர்களும், லேப் உதவியாளர்களும், தோட்டக்காரர்களும், ஹாஸ்டல் சமையல்காரர்களும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். பைலாவில் எல்லாரும் சமம். நாற்காலியில் இல்லை. முன் வரிசை பேராசிரியர்களுக்கு. நடுவில் அலுவலகக்காரர்கள். தோட்டக்காரர் பின்னால் தூணோரமாக நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். முப்பது வருஷம் 'சார்' என்று கூப்பிட்டவரை எதிர்த்து அவர் எப்படித் தேர்தலில் நிற்பார்? மூன்று வருஷத்துக்கு மேல் பதவி கூடாது என்று சட்டம் சொல்கிறதே தவிர, திரும்பவும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் அதே தலைவர், அதே செயலாளர். சட்டப்படி குற்றமில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே செயலாளர் இருக்கும் சங்கம் ஒன்று எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான். ஆனால் சங்கத்தின் ரிஜிஸ்டர் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, சாவி அவர் மருமகளிடம் இருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது உறுப்பினர் யார் என்ற விதி.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கணவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளர். ரயிலில் போய் வந்து வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷத்தில் போய்விட்டார். குடும்ப ஓய்வூதியம் வர எட்டு மாதம் ஆயிற்று. வந்ததும் குறைவாக வந்தது. குடும்ப ஓய்வூதியத்தில் இரண்டு விகிதம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சாதாரண விகிதம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். ஆனால் இறந்தவர் சீக்கிரம் போய்விட்டால், ஆரம்பத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அதிகபட்சம் 7 வருஷத்துக்கு, கூடுதல் விகிதம் உண்டு. இந்த அம்மாவுக்கு முதல் மாதமே 30 சதவீதம் போட்டுவிட்டார்கள். கூடுதல் விகிதம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது யார்? சங்கம். அவர் சங்கத்துக்கு எழுதினார். நாலு வரியில் பதில் வந்தது. உறுப்பினர் காலமான தேதியோடு உறுப்பினர் தகுதி முடிவடைகிறது. விரும்பினால் குடும்ப ஓய்வூதியர் 'இணை உறுப்பினர்' ஆகச் சேரலாம். இணை உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை. சந்தா இத்தனை ரூபாய். கடிதத்தோடு பைலாவின் ஜெராக்ஸையும் வைத்து அனுப்பியிருந்தார்கள், பெரிய உபகாரம்.

"அண்ணா, அவரு ஆயுள் சந்தா கட்டினாரே, ரசீது இருக்குது. திரும்ப நான் கட்டணுமா?" என்று கேட்டார்.

ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்று பைலாவில் தேடிப் பார்த்தேன். இல்லை.

விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன், அது வேறு கதை. இந்த விதியின் விபரீதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் பென்ஷன்காரருக்குப் பெரும்பாலும் ஆபீஸ் வழி தெரியும். எந்த மேஜையில் எந்தக் காகிதம் என்று தெரியும். பழைய ஜூனியர் யாராவது செக்ஷனில் இருப்பார். அவர் போன பிறகு அந்தப் பென்ஷன் யாருக்குப் போகிறதோ, அவருக்கு ஒன்றும் தெரியாது. சங்கம் அதிகமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான். அந்த நிமிஷத்தில்தான் சங்கம் கதவைச் சாத்துகிறது. என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த பதினொரு பேரில் இன்று ஆறு பென்ஷன் மனைவிமார் பெயரில் வருகிறது. இன்னும் பத்து வருஷத்தில் பதினொன்றும் அப்படித்தான் இருக்கும். விதவைகள் மட்டுமில்லை. டீச்சராக இருந்த மனைவி இறந்து பென்ஷன் வாங்கும் கணவர்கள் இருக்கிறார்கள், கல்யாணம் ஆகாத மகள், மாற்றுத்திறனாளி மகன் இருக்கிறார்கள்.

80 வயது ஆனால் 20 சதவீதம் கூடுதல், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறுக்கு முழுசாக இன்னொரு பென்ஷன் என்று ஒரு சலுகை இருக்கிறது. இது குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு, அவரவர் வயதுப்படி. ஆனால் பழைய பென்ஷன் உத்தரவுகளில் மனைவியின் பிறந்த தேதியை எழுதாமல் விட்டிருப்பார்கள். அவருக்கு 80 ஆனதே ஆபீசுக்குத் தெரியாது. ஒரு சங்கம் உட்கார்ந்து பட்டியல் எடுத்தால் ஒரு மாதத்தில் முடிக்கிற வேலை. ஏன் எடுப்பதில்லை? ஓட்டு இல்லாதவருக்காக யார் பட்டியல் எடுப்பார்கள்?

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்தின் செயலாளரிடமே இதைப் பேசியிருக்கிறேன். அவர் முதலில் சொன்னது, 'அவங்க சர்வீஸ் பண்ணலையே சார்.' அந்த அம்மா முப்பது வருஷம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டியதைச் சர்வீஸ் இல்லை என்று சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் பென்ஷன் விதி அப்படிச் சொல்லவில்லை, அவருக்கும் பங்கு வைத்திருக்கிறது. புதுச்சேரியில் சொல்தாக்களின் மனைவிமார் பிரெஞ்சு பென்ஷனில் பாதி வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெவெர்சியோன்', அதாவது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேர்வது. பணம் போய்ச் சேர்கிறது. அதோடு சேர்ந்து போக வேண்டியது நம் பைலாவில் நின்றுவிடுகிறது.

அவர் இரண்டாவதாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 'ஓட்டுக் கொடுத்தால் அந்த அம்மா வரமாட்டாங்க, பையன் வருவான். கட்சிக்காரன், ரியல் எஸ்டேட்காரன் எல்லாம் உள்ளே வந்துடுவான்.' இது வெறும் சாக்கு இல்லை. சங்கத்துக்குச் சொந்தமாக மனையோ கட்டடமோ இருந்தால் இந்தப் பயம் நியாயமானதே. அதற்கு வழி, ஓட்டை நேரில் வந்துதான் போட வேண்டும், பிரதிநிதி கூடாது என்று எழுதுவது. நிர்வாகக் குழுவுக்கு நிற்பவர் தாமே பென்ஷனோ குடும்ப பென்ஷனோ வாங்குபவராக இருக்க வேண்டும் என்று எழுதுவது. இரண்டு வாக்கியத்தில் அடங்குகிற பயத்துக்காகப் பாதிப் பேரை வெளியே நிறுத்தக் கூடாது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஏரிக்கரைப் பாடு முறை ஞாபகம் வரும். எங்கள் ஊருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் இதே ஏரியின் தெற்கு முனையில், பழவேற்காட்டுப் பக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களில் நெடுங்காலமாக இருந்து வரும் ஏற்பாடு. இறால் நன்றாகப் படும் இடங்களைப் பாடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் எந்த இடமும் சொந்தமில்லை. சீட்டுப் போட்டு முறை வைத்து, இன்று நீ, நாளை நான் என்று சுத்து வலை கட்டுகிறார்கள். பெரிய வீட்டுக்காரன் என்பதற்காக நல்ல இடத்திலேயே உட்கார்ந்துகொள்ள முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கட்டிய இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் நம் பிஎச்.டி. தலைவர்களின் பைலா நிற்காது. பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் வலை கட்ட அங்கே விடமாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாட்டுக்கும் ஒரு வாசல் உண்டு. அதன் பெயர் தலைக்கட்டு. கல்யாணமான ஆண் தலைக்கட்டு. அந்தச் சமூகத்து ஆண்பிள்ளையாக இருந்தால்தான் பங்கு. அதே ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு முறையில் இடமில்லை. இதனால் வந்த சண்டைகள் கொஞ்ச நஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களில் நிவாரணத்தை ஊர்ப் பஞ்சாயத்தின் வரிக் கணக்கை வைத்துப் பிரித்தபோது, வரி கட்டும் ஆண் இல்லாத வீடுகள் பல இடங்களில் பின்னுக்குப் போயின. முறை வைத்துப் பகிர்வதில் அவ்வளவு நேர்மையாக இருப்பவர்கள், கணக்கில் யாரைச் சேர்ப்பது என்பதில் தவறிவிடுகிறார்கள். பல்கலைக்கழகச் சங்கம் முறை வைப்பதிலும் தவறுகிறது, கணக்கில் சேர்ப்பதிலும் தவறுகிறது.

முறை வைப்பதற்குப் பிரெஞ்சுச் சங்கங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பல சங்கங்களில் வருஷத்துக்கு ஒரு முறை குழுவில் மூன்றில் ஒரு பங்கு பேர் இறங்க வேண்டும். முதல் வருஷம் யார் இறங்குவது என்பதற்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்பது பேர் குழு என்றால் வருஷம் மூன்று பேர். ஒரேயடியாக எல்லாரும் மாறினால் வேலை தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார் என்ற கவலையும் இல்லை, ரிஜிஸ்டர் ஒரே பீரோவில் கிடக்கும் தொல்லையும் இல்லை. நம் 1975 சட்டத்துக்கும் இது முரண் இல்லை. மூன்று வருஷத்துக்குள்தானே எல்லாருடைய முறையும் முடிகிறது. இறங்கியவர் ஒரு முறை வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்ப நிற்கலாம் என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூட்டத்தையும் எப்போதும் சென்னையில் காலை பத்து மணிக்கு வைக்காமல், ஒரு வருஷமாவது கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு என்று ரயில் போகும் ஊரில் வைக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் மவுனமாக வராமல் இருந்துவிடுகிறார்கள், கோரம் இல்லை என்று இவர்கள் அரை மணி நேரம் ஒத்திவைத்து அதே இடத்தில் அதே ஆட்களோடு திரும்பக் கூடுகிறார்கள்.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. பதிவாளரிடம் மனு கொடுக்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்றேனே, ஓட்டில்லாத 'இணை உறுப்பினர்' கையெழுத்துப் போட்டால் அது உறுப்பினர் இல்லை என்று தள்ளிவிட இடம் கொடுக்கும். ஆகவே வெளியிலிருந்து இதை மாற்ற முடியாது. இன்று உயிரோடு, ஓட்டோடு இருக்கும் நாம்தான், நம் மனைவிமாருக்காக, நாம் இருக்கும்போதே மாற்ற வேண்டும்.

கேட்டவர்களுக்காக ஒரு விதியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எந்தச் சங்கமும் எடுத்துக்கொள்ளலாம்:

'உறுப்பினர் ஒருவர் காலமானால், அவருடைய பணிக்காகக் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர், அந்த ஓய்வூதியம் தொடங்கும் நாளிலிருந்து, புதிய சந்தா ஏதுமின்றி, வாக்குரிமையும் நிர்வாகக் குழுவில் போட்டியிடும் உரிமையும் உடைய முழு உறுப்பினர் ஆவார். வாக்கை அவர் நேரில் வந்து அளிக்க வேண்டும். இறந்த செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் செயலாளர் அவருக்கு எழுதி, குடும்ப ஓய்வூதிய விகிதத்தையும் பிறந்த தேதிப் பதிவையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.'

பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால்தான் இது செல்லும். கூட்ட நோட்டீஸில் 'விதி திருத்தம்' என்று தலைப்பை மட்டும் போட்டுவிட்டால் பிறகு யாராவது செல்லாது என்று ஆட்சேபிப்பார்கள். முழு வாசகத்தையும் அச்சடித்து அனுப்புங்கள்.